கீழ்வரிசையில் ஓர் அறிவிப்பு

"இன்று பிற்பகல் மூன்று மணிக்கு நடைபெறவிருந்த முனைவர் பட்டப் பொது வாய்மொழித் தேர்வு, ஆய்வாளரின் வேண்டுகோளுக்கிணங்க ஒத்திவைக்கப்படுகிறது."

இதை மூன்றாவது முறையாகப் படித்துவிட்டு, டாக்சி டிரைவர் அறிவிப்புப் பலகையின் கண்ணாடியில் ஓங்கி ஒரு குத்து விட்டார். கண்ணாடி கெட்டி. உடையவில்லை.

"வேண்டுகோளாம்! அஞ்சு வருஷமா இந்த ஒரு நாளுக்காக உசிரக் கொடுத்துப் படிச்சவ மேடம் என் தங்கச்சி. அவளா தள்ளிப் போடச் சொல்லுவா?"

அவருடைய தங்கை சக்கர நாற்காலியில் வாழ்கிறவள். தினமும் காலை ஒன்பது மணிக்கு இந்த ஆராய்ச்சித் துறையின் சாய்தளத்தில் கொண்டுவந்து விடுவார். சாயங்காலம் ஐந்து மணிக்கு அதே இடத்தில் வந்து ஏற்றிக்கொள்வார். நேற்று ஐந்து மணிக்கு வந்தார், அவள் வரவில்லை. போன் அணைந்து கிடந்தது. போலீஸ் ஸ்டேஷனில் "பரீட்சை பயமா இருக்கும், தோழி வீட்ல இருப்பா, நாளைக்கும் வரலன்னா வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதனால் எங்களிடம் வந்தார்.

எங்களிடம் என்றால், முகவரி மேடத்திடமும் என்னிடமும். தபால் இலாகாவில், யாருக்கு என்றே தெரியாமல் வந்து சேரும் கடிதங்களுக்கு ஆள் கண்டுபிடிக்கும் பிரிவில் இருபது வருஷம் இருந்தவர் மேடம். "பெரியப்பா, கிணத்துப் பக்கத்து வீடு" என்று மட்டும் எழுதியிருந்த கடிதத்தைச் சரியான பெரியப்பாவிடம் சேர்த்தவர். வேலையை விட்டபின் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். பெயர்ப் பலகைக்கு ஒரு ஆணியும், உதவிக்கு ஒரு ஆளும் தேவைப்பட்டது. ஆணி இரும்பில் கிடைத்தது. ஆள் நான். என்னை அவர் அரட்டை என்றுதான் கூப்பிடுவார். காரணம் கேட்டால் கோபம் வரும், எனக்கு.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"மாணவர்களுக்கு ஓர் அறிவிப்பு. ரத்த தான முகாம் நாளை காலை விளையாட்டரங்கில் நடைபெறும். நீல நிறக் குடை ஒன்று உணவகத்தில் கண்டெடுக்கப்பட்டுள்ளது. நூலகப் பின்கட்டில் புத்தகப் பூச்சிகளை அழிக்க இன்று நான்கு மணிக்கு விஷவாயு செலுத்தப்படும். கதவுகள் ஏழு நாட்கள் ஒட்டி மூடப்பட்டிருக்கும். யாரும் அந்தப் பக்கம் செல்ல வேண்டாம்."

குடைக்கும் விஷத்துக்கும் ஒரே குரல், ஒரே ராகம். கடிகாரத்தைப் பார்த்தேன். மணி இரண்டு இருபது.

திரும்பினால் மேடத்தைக் காணோம். பலகைக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன மேடம், ஏதாவது கீழ விழுந்துடுச்சா?"

"ஆமா அரட்டை. ஒரு அறிவிப்பு. வா, உக்காரு."

உட்கார்ந்தேன். பலகையின் மேல் பாதி முழுக்கக் குண்டூசி ஓட்டைகள், சல்லடைதான். கீழே வர வர ஓட்டை குறைந்தது. அடியில் ஒன்றுகூட இல்லை. துணி புத்தம் புதிதாக இருந்தது. அதன் நடுவில், என் தலைக்குச் சற்று மேலே, சதுரமாக நாலே நாலு ஓட்டை.

"குனிஞ்சு படிக்க யாருக்கும் இங்க பொறுமை கிடையாது. அதனால கீழ யாரும் எதையும் குத்தறதில்ல. அப்படியும் ஒருத்தர் கீழ குத்தச் சொல்லியிருக்காங்கன்னா, அது குனியத் தேவையில்லாத ஒருத்தருக்காக" என்றார் மேடம். "எல்லாக் காகிதத்துக்கும் ஒரு முகவரி உண்டு. எழுதலன்னாலும் உண்டு."

டிரைவர் மெதுவாக மண்டியிட்டு அந்த உயரத்தைப் பார்த்தார். "அவ கண்ணு இந்த மட்டம்தான்" என்றார்.

*

பலகையின் சாவி ஒரே ஆளிடம்தான் இருந்தது. சட்டைப் பையின் விளிம்பில் வரிசையாகக் குண்டூசி குத்திக்கொண்டு நடக்கும் அலுவலக உதவியாளர். வளாகம் முழுக்க அவருக்குக் குண்டூசி என்றே பெயர்.

"நான் எதையும் படிக்கறதில்லம்மா. படிச்சா ரத்தக் கொதிப்பு ஏறுது. பெட்டியில வந்ததக் குத்துவேன். அடியில 'எடுக்க வேண்டிய நாள்'னு ஒரு தேதி இருக்கும். அது வந்தா எடுத்துடுவேன். தேதி இல்லாத காகிதத்தத் தொடக்கூட மாட்டேன். பதினாலு வருஷமா இப்படித்தான்."

"கீழ ஒண்ணு குத்தினீங்களே?"

"ஆமா. திங்கக்கிழமை சாயங்காலம் பெட்டியில கிடந்துச்சு. 'அடியில குத்தவும்'னு ஒரு மஞ்சச் சீட்டு வேற. சரி, நமக்கென்னன்னு குத்தினேன். செவ்வாக்கிழமை தேதி போட்டிருந்துச்சு. நேத்து வீட்டுக்குப் போறப்ப எடுத்துட்டேன்."

"கிழிச்சுப் போட்டுட்டீங்களா?"

"ஐயையோ! ஒரு பக்கம் வெள்ளையா இருக்கே. என் பொண்ணு கணக்குப் போட்டுப் பாப்பா."

மேடத்தின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துபோனது. குண்டூசியின் மேஜை இழுப்பறையில் பழைய அறிவிப்புகள் ஒரு கட்டாக இருந்தன. மேலேயே இருந்தது அது.

"முதன்மை லிஃப்ட் செவ்வாய் பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை பழுது. நூலகத்தின் கீழ்த்தள ஆய்வேட்டுப் பகுதிக்குச் செல்வோர் பின்கட்டுப் புத்தக லிஃப்டைப் பயன்படுத்தவும்."

"அடடா, இதுவல்லவா லிஃப்ட்!" என்றேன். "முந்தின நாளே லீவு லெட்டர் குடுத்துட்டுப் பழுதாகுது."

"இங்க தண்ணி வராதுங்கற அறிவிப்பே தண்ணி வந்தப்புறம்தான் சார் வரும்" என்று குண்டூசி ஒத்து ஊதினார். "அந்த லிஃப்ட்ல நேத்து மூணு மணிக்கு நானே ஃபைல் தூக்கிட்டுப் போனேன். நல்லாத்தான் இருந்துச்சு."

சிரிக்க முடியவில்லை. நடக்கிறவர்களுக்கு லிஃப்ட் பழுதானால் படிக்கட்டு இருக்கிறது. பின்கட்டுக்குப் போக வேண்டிய அவசியம் இந்த வளாகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான்.

"போன் பண்ணினா பதிவு இருக்கும். ஆள் அனுப்பினா சாட்சி இருக்கும்" என்றார் மேடம். "பலகையில குத்திட்டா யாரும் யாருக்கும் சொன்னதா ஆகாது. குத்தினவரு படிக்க மாட்டாரு. தேதி வந்ததும் அவரே எடுத்து மறைச்சுடுவாரு. எவ்வளவு அழகா ஒரு ஆள வேலை வாங்கியிருக்காங்க பாரு."

குண்டூசிக்கு முகம் செத்துவிட்டது. "நான் படிச்சிருக்கணும்" என்றார். இரண்டு தடவை சொன்னார்.

மேடம் காகிதத்தின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "தேதிய யாரும் கையால எழுதல போல?"

"முத்திரைம்மா. ஊதா மை. நல்லாத் தெளிவா இருந்துச்சு. மத்தவங்க எழுதறது கோழி கிண்டின மாதிரி இருக்கும்."

மேடம் அதை மடித்துக் கைப்பையில் வைத்தார். சரியான பெரியப்பா கிடைத்துவிட்டால் வருகிற முகம் அது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் கேட்டால் எரிந்து விழுவார். கேட்டேன். எரிந்து விழுந்தார்.

*

வழியிலேயே மாட்டினார் நெறியாளர். ஆய்வுக்கு வழிகாட்டுகிற பேராசிரியர். அறையைப் பூட்டிவிட்டுப் பெட்டியும் கையுமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நெற்றியைத் துடைத்தார்.

"கடிதம் குடுத்திருக்கா. உடம்பு சரியில்ல, தள்ளி வைங்கன்னு. நேத்து சாயங்காலம் கதவுக்கடியில கிடந்தது. வெளியூர்லேருந்து வந்த தேர்வாளரைத் திருப்பி அனுப்பிட்டு நான் அவமானப்பட்டு நிக்கறேன்."

கடிதம் டைப் அடித்திருந்தது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சுழி.

"இது அவ போட்டதே இல்ல சார்!" டிரைவர் அவர் சட்டையைப் பிடிக்கப் போனார். நான் குறுக்கே புகுந்து ஒரு முழங்கை வாங்கிக்கொண்டேன்.

நானும் அந்த ஆளை அப்போதே முடிவு கட்டிவிட்டேன். காணாமல் போன மாணவி கிடைத்தாளா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையில் பெட்டி. நெற்றியில் வியர்வை. ஒரு வில்லனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

மேடம் ஒன்றே ஒன்று கேட்டார். "நேத்து அவங்க ஆய்வேட்டுப் பகுதிக்கு எதுக்குப் போனாங்க?"

"ஒரு பழைய ஆய்வேடு. அதப் பத்தி ஒரு அடிக்குறிப்பு இருக்கு, தேர்வுல எல்லார் முன்னாடியும் சொல்லப் போறேன்னா. அதுக்கு முன்னாடி ஒருத்தர்கிட்ட தனியா பேசிடணும் சார், இல்லன்னா அவங்க மனசு நொந்துடும்னா." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "யாருன்னு நான் கேக்கல. எனக்கு எதுக்கு வம்பு? எனக்கு மூணேகால் ரயில்."

அவரைப் போக விட்டார் மேடம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மேடம், குற்றவாளி கையாட்டிட்டு ரயில் ஏறப் போறான்."

"அது கோழை, அரட்டை. கோழைக்கு இவ்வளவு பொறுமை வராது. நட."

*

நூலகர் அம்மா எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டார். நரைத்த தலை, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. பேர்ப் பலகையில் பெயருக்கு முன்னால் முனைவர் பட்டம்.

"தம்பி, கண்ணு கிடைச்சாளா? காலைலேருந்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இந்தக் கட்டடத்துக்குச் சாய்தளம் வேணும்னு சண்டை போட்டு வாங்கினதே அவளுக்காகத்தான்."

டிரைவர் அழுதுவிட்டார். அவர் அழுததைப் பார்த்து நூலகரும் அழுதார். அந்த அழுகை நிஜம். அதை இன்றைக்கும் சத்தியம் செய்து சொல்வேன்.

"நேத்து இங்க வந்தாளாம்மா?" என்றேன்.

"வரலையே. முன்வாசல்ல எல்லாரும் இருந்தாங்க. யாரும் பாக்கல."

மேடம் அலமாரிப் பக்கம் போய் ஒரு புத்தகத்தை உருவிக்கொண்டு வந்தார். ரோஜா வளர்ப்பு. "இத எனக்கு இரவல் தர முடியுமா? ரொம்ப நாளா தேடறேன்."

நான் மேடத்தை வாய் பிளந்து பார்த்தேன். ஒரு உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கிறது, இவருக்கு ரோஜா!

"வெளி ஆளுக்குக் கிடையாது. பரவால்ல, என் கணக்குல எடுத்துக்கங்க." நூலகர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, முத்திரையை மையில் ஒற்றி, டக்கென்று குத்தினார். பதினைந்து நாள் தள்ளி ஒரு தேதி. ஊதா மை.

அந்த நேரம் பார்த்து, மூக்குமூடியைக் கழுத்தில் இறக்கிவிட்டுக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். மருந்து அடிக்கிற ஆட்களின் மேஸ்திரி. கையில் ஒரு காகிதம்.

"எல்லாம் ஒட்டியாச்சும்மா. பின்வாசல் ஒண்ணுதான் பாக்கி. நாலு மணிக்குன்னீங்க. ஆளுங்க சும்மாதான் நிக்கறாங்க, அதையும் ஒட்டிட்டு இப்பவே வாயுவத் தொறந்து விட்டுரட்டா?"

மணி மூன்று முப்பத்தைந்து.

"விடுங்க" என்றார் நூலகர். "உள்ள ஆள் இல்லன்னு நான்தான் காலைலயே பார்த்துக் கையெழுத்துப் போட்டுட்டேனே."

"அந்தக் காகிதத்தக் கொஞ்சம் காட்டுங்க" என்றார் மேடம்.

மேஸ்திரி யோசித்துவிட்டுக் கொடுத்தார். உள்ளே என்னென்ன சாமான் இருக்கிறது என்ற பட்டியல். இருப்பு சரிபார்க்கும் குமாஸ்தா காலையில் எடுத்தது. சிலந்தி வலை கிடைத்தால் அதையும் எண்ணி எழுதுகிற ஜாதி போலிருக்கிறது. மேடம் சத்தமாகப் படித்தார்.

"இரும்பு அலமாரி நாற்பத்திரண்டு. ஏணி ரெண்டு. முக்காலி பதினொன்று. உடைந்த முக்காலி மூன்று. தீயணைப்பு வாளி நாலு. மூடுதுணிக்குக் கீழே சக்கர நாற்காலி ஒன்று."

டிரைவரின் அழுகை நின்றது.

"அது லைப்ரரியோடது" என்றார் நூலகர் சட்டென்று. "வர்றவங்களுக்காக வாங்கி வச்சது."

"உடைஞ்ச முக்காலிக்குக்கூட லைப்ரரி எண் எழுதியிருக்காரு. நாற்காலிக்கு நேரா 'எண் இல்லை'ன்னு போட்டிருக்காரு."

நூலகர் அந்தப் பட்டியலை முதல் முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவர் வாழ்க்கையிலேயே படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒரே காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.

"தொறக்காதே!" என்று மேஸ்திரியைப் பார்த்துக் கத்திக்கொண்டே டிரைவர் பின்வாசலுக்குப் பாய்ந்தார். மேஸ்திரியும் பின்னாலேயே ஓடினார்.

மேடம் ரோஜாப் புத்தகத்தின் பக்கத்தில் அந்த அறிவிப்பை விரித்து வைத்தார். இரண்டு தேதியும் ஒரே முத்திரை, ஒரே சாய்வு.

"எல்லா ஆபீஸ்லயும் முத்திரை வந்த தேதியச் சொல்லும். வரப்போற தேதியக் குத்தற இடம் லைப்ரரி ஒண்ணுதான். திங்கக்கிழமை வந்த காகிதத்துல செவ்வாக்கிழமை முத்திரை. பழக்கம் விடுமா? ஒரு காகிதம் திரும்பி வரணும்னாலே உங்க கை முத்திரையத் தேடிப் போயிடுது."

நூலகர் ஓடவில்லை, மறுக்கவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து இழுப்பறையைத் திறந்து, சாவி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். என்னைப் பார்த்து, "லிஃப்டோட சுவிட்சு மீட்டர் பெட்டிக்குள்ள இருக்கு" என்றார். தேடி வந்த புத்தகத்துக்கு அலமாரி எண் சொல்லுகிற அதே குரலில்.

சாவியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினேன். ரயிலேறிய நெறியாளர்மேல் நான் கட்டிய கோட்டை அப்படியே சரிந்தது.

*

பின்கட்டில் வெளிச்சம் இல்லை. ஜன்னல்களையெல்லாம் காகிதம் ஒட்டி அடைத்திருந்தார்கள். மூலையில் துணியை இழுத்துப் போட்டுவிட்டு, டிரைவர் காலி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் புத்தக லிஃப்டின் கம்பிக் கதவு. ஒரு ஆள் குறுகி உட்காரலாம், நாற்காலி நுழையாது. அவளை யாரோ தூக்கித்தான் உள்ளே உட்கார வைத்திருக்க வேண்டும். நம்பிக் கழுத்தைக் கட்டிக்கொண்டிருப்பாள்.

சுவிட்சைப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி போட்டேன். எங்கோ ஆழத்தில் ஒரு முனகல், பிறகு சங்கிலி நகரும் சத்தம். இரண்டு தளத்துக்கு நடுவில் நிறுத்தி வைத்திருந்த பெட்டி ஏறி வர இவ்வளவு நேரமா என்று தவித்துப்போனோம். டிரைவர் தங்கையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை.

கம்பிக் கதவுக்குப் பின்னால் ஒரு புடவைத் தலைப்பு தெரிந்தது. அப்புறம் ஒரு கை. அந்தக் கை அசைந்து கம்பியைப் பிடித்தது.

டிரைவர் பூட்டைத் திறந்த வேகத்தில் சாவி வளைந்துவிட்டது. அவளை அள்ளி எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். மேஸ்திரி தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். உதடெல்லாம் வெடித்திருந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. முப்பதாயிரம் புத்தகம் சுற்றி நிற்கிற இடத்தில் கத்தினால் எந்தச் சத்தம் வெளியே வரும்?

"பை நாற்காலியில மாட்டியிருந்துச்சு அண்ணா. போன் அதுல. கீழ போனதும் நாற்காலியப் படி வழியா அனுப்பறேன்னாங்க நூலகர் அம்மா" என்றாள். தண்ணீரை விழுங்கிவிட்டு மறுபடி பேசினாள். "அந்தப் பழைய ஆய்வேடும் அவங்க முனைவர் பட்டத்துக்குக் குடுத்ததும் வரிக்கு வரி ஒண்ணு. எழுதினவர் பாவம், பட்டம் வாங்கறதுக்கு முன்னாடியே செத்துட்டாரு. தேர்வுல சொல்லித்தான் ஆகணும். ஆனா கூட்டத்துல வச்சு அவங்க காதுல விழக்கூடாதேன்னு திங்கக்கிழமையே நானே போய்ச் சொன்னேன்."

"ஆய்வேட்ட எரிச்சாலும் படிச்சவ இருக்காளே" என்று முணுமுணுத்தார் மேடம்.

"அப்புறம் வந்தாங்க. மூணு தடவை வந்தாங்க அண்ணா. மேல கதவுகிட்ட உக்காந்து, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு கண்ணு, உடனே தூக்கிடறேன்னாங்க. அழுதாங்க."

"சொல்லித் தொலைச்சிருக்க வேண்டியதுதானே!" டிரைவர் தங்கையைப் போட்டு உலுக்கினார். "உன் நேர்மையத் தூக்கிக் குப்பையில போடு! ஒரு பொய் சொல்லிட்டு வெளிய வந்திருக்கக் கூடாதா?"

"சொன்னேன் அண்ணா." அவள் தேம்பினாள். "மூணு தடவையும் சொன்னேன். சத்தியம் பண்ணினேன். உன் தலைமேல அடிச்சுக்கூடச் சொன்னேன். அவங்க நம்பல. ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சுப் போயிட்டாங்க."

பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினோம். நூலகர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரைப் பிடித்துக்கொண்டு வரவில்லை, அவராக வந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார்.

"நம்பணும்னுதான் ஒவ்வொரு தடவையும் வந்தேன்" என்றார். "ஆனா குரல் காட்டிக் குடுத்துடுது. முப்பது வருஷமா தினமும் அதே குரல்லதான் நான் பேசிட்டிருக்கேன். எனக்கா தெரியாது?"